துண்டுக்குள்ளே இருபத்தொன்று

25-11-1962, ஞாயிறு

நேற்று வர்த்தகர் சங்கக் கூட்டத்தில் என்னை நாடகத்தில் சேர்த்துவிட்டார்கள். மாப்பிள்ளையின் அப்பா வேஷம். வேண்டாம் என்று ஒரு தடவைதான் சொன்னேன். இன்னொரு தடவை சொன்னால் விட்டுவிடுவார்களோ என்று பயமாக இருந்தது.

சீனாக்காரன் சண்டையை நிறுத்திவிட்டான். முதுநகரில் பாதுகாப்பு நிதி வசூல் நிற்கவில்லை. சும்மா உண்டியலைக் குலுக்கினால் எவன் போடுவான், நாடகம் போட்டு டிக்கெட் விற்போம் என்று யோசனை சொன்னதே நான்தான். எழுதியவர் தபால் ஆபீஸ் குமாஸ்தா நடனசபாபதி. சிதம்பரத்திலிருந்து தினம் ரயிலில் வந்து போகிறவர். ரயிலிலேயே உட்கார்ந்து எழுதினாராம். எழுத்தும் அப்படித்தான் ஆடுகிறது.

நாடகத்தின் பெயர் ‘தட்டு மாத்தலாம் வாங்க’. இரண்டு சம்பந்திகள் கடைசிக் காட்சி வரைக்கும் முறைத்துக்கொண்டு, கடைசியில் கைகொடுத்து வெற்றிலைத் தட்டு மாற்றுகிறார்கள். அவ்வளவுதான் கதை. கல்யாணப் பெண் மேடைக்கே வரமாட்டாள். உள்ளே கொலுசுச் சத்தம் மட்டும் கேட்கும். மீசையை எடுக்க எவனும் ஒத்துக்கொள்ளாததால் இந்த ஏற்பாடு.

ஜனவரியில் சிதம்பரத்தில் போடுகிறோம். திருவாதிரைக்குக் கொடியேறியிருக்கும், ஜனத்துக்குப் பஞ்சமில்லை. ஒத்திகைக்கு என்னுடைய மல்லாட்டைக் குடோன், வேர்க்கடலை மூட்டைகளுக்கு நடுவே. வாடகை கேட்கவில்லை. வேஷம் கட்டுகிறவன் வாடகை கேட்டால் நன்றாகவா இருக்கும்?

28-11-1962

இன்று ஒரு கூத்து. அண்ணாகிராமத்திலிருந்து ஒரு குடியானவர் வண்டியோடு வந்தார். மல்லாட்டையை உடைத்துப் பருப்பைப் பார்த்தேன். நல்ல பருப்பு. ஆனால் வாயில் வசனம் ஓடிக்கொண்டிருந்தது. நிமிர்ந்து, நெஞ்சில் கை வைத்து, "இந்தச் சம்பந்தம் எனக்குச் சம்மதமில்லை!" என்று முழங்கிவிட்டேன். அந்த மனுஷன் மாட்டைத் திருப்பிப் பூட்டினார். தெருமுனை வரைக்கும் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடி அழைத்து வந்தேன்.

வீட்டில் சொன்னதும் என் பெண்டாட்டி ராசம்மாள் குடத்தை இறக்கி வைத்துவிட்டு உட்கார்ந்து சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து ரொம்ப நாளாகிறது.

2-12-1962, ஞாயிறு

முதல் ஒத்திகை. பெண்ணின் அப்பாவாக நடிக்கச் சிதம்பரத்தில் ஒரு பிரமாதமான ஆள் கிடைத்திருக்கிறார் என்று நடனசபாபதி சொல்லிக்கொண்டே இருந்தார். நெல் வியாபாரி, வெண்கலக் குரல் என்றார். அந்தப் பிரமாதமான ஆள் மூன்று மணி ரயிலில் வந்து இறங்கினார்.

சிற்றம்பலம். ராசம்மாளின் அண்ணன். என் மச்சான்.

நாங்கள் பேசி நாலு வருஷம். பெரியவள் அமராவதிக்குக் காது குத்தியபோது வந்த வினை. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். தாய்மாமன் வந்த ரயில் பரங்கிப்பேட்டையிலேயே நின்றுவிட்டது. முகூர்த்தம் போய்க்கொண்டிருந்தது. பத்தர் ஊசியும் கையுமாக என்னை முறைக்கிறார். பக்கத்தில் எங்கள் மண்டியில் எடைபோடும் வைத்திலிங்கம் நின்றான். மடி அகலமாக இருந்தது. உட்கார வைத்தேன். கம்மல் ஏறவும் வாசலில் குதிரை வண்டி வந்து நிற்கவும் சரியாக இருந்தது. சீர்த்தட்டோடு மச்சான்.

"எடை போடறவன் மடி கெடச்சிடுச்சா? அப்ப நான் எதுக்கு?"

தட்டை வாசலிலேயே வைத்துவிட்டுப் போனவர்தான். அவராகப் பேசட்டும் என்று நான். நானாகப் பேசட்டும் என்று அவர். நான் செய்தது தப்பென்று இன்றைக்கும் எனக்குத் தோன்றவில்லை. முகூர்த்தம் யாருக்காக நிற்கும்?

குடோனில் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். நான் எழுந்து போக முடியாது, குடோன் என்னுடையது. அவர் எழுந்து போக முடியாது, அடுத்த ரயில் ஏழு மணிக்கு. உட்கார்ந்துவிட்டோம். எங்கள் கதை தெரியாத நடனசபாபதி கைதட்டுகிறார்: "இந்த மொறப்பு! இதத்தான் சார் கேட்டேன்! அப்படியே வச்சிக்குங்க!"

3-12-1962

ராசம்மாள் சமையலை அப்படியே விட்டுவிட்டு வந்து நின்றாள்.

"அண்ணன் எளச்சிருக்குதா?"

"அதெல்லாம் இல்ல."

"என்னயக் கேட்டுச்சா?"

"என் மூஞ்சியே பாக்கல. இதுல உன்னயா கேக்கப் போறாரு?"

அப்புறம் பிடித்துக்கொண்டாள். சின்னவன் தேவநாதனுக்கு மூன்று வயது நடக்கிறது. காது இன்னும் மூளியாக இருக்கிறது. மாமன் அவனைப் பார்த்ததே இல்லை. "எங்கண்ணன் மடியில தவர வேற எவன் மடியிலயும் எம் புள்ளயக் குடுக்க மாட்டேன். நீங்க ரெண்டு பேரும் ரோஷத்தக் கட்டிக்கினு அழுவுங்க. புள்ள காலத்துக்கும் மூளிக் காதோட நிக்கட்டும். நல்லாத்தான் இருக்கும், போங்க!"

ஞாயிற்றுக்கிழமைக்குள் அவரைப் பேச வைக்கிறேன் என்று சொல்லிவிட்டேன். எந்தத் தைரியத்தில் சொன்னேன்? நாடகத்தில் நடிக்கிற தைரியம்தான்.

9-12-1962, ஞாயிறு

பேசவில்லை. ஆனால் இன்றைக்குச் சிரித்த சிரிப்பில் விலா நோகிறது.

மச்சான் என்னிடம் சொல்ல வேண்டியதை நடனசபாபதியிடம் சொல்கிறார். "அந்த ஆள கொஞ்சம் தள்ளி நிக்கச் சொல்லுங்க, நெடி ஜாஸ்தியா இருக்குது." நான் நடனசபாபதியிடம்: "அது மல்லாட்டை நெடி. நெல்லுத் தூசிக்கு இது எவ்வளவோ மேல்னு அந்த ஆளுகிட்டச் சொல்லுங்க." மூன்றடி தூரத்தில் நிற்கிற எங்களுக்கு நடுவே அவர் தலையைத் திருப்பித் திருப்பிச் சுளுக்கிக்கொண்டார்.

பெண்ணின் அம்மா வேஷத்துக்கு ஆளில்லை. குரல் மெல்லிசாக இருக்கிறதென்று நடனசபாபதி பிடித்து இழுத்து வந்தது யாரை? வைத்திலிங்கத்தை! இரண்டு மூட்டையை ஒரே முதுகில் தூக்குகிற ஆள். குரல் மட்டும் கிளி. மீசையை எடுக்க மாட்டானாம், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டே பேசுகிறானாம். "நல்ல குடும்பத்துப் பொம்பள அப்படித்தான சார் பேசுவா?"

ஆக, எந்த மடியால் சண்டை வந்ததோ, அந்த மடிக்குச் சொந்தக்காரன் இப்போது என் மச்சானுக்குப் பெண்டாட்டி. "என்னாங்க, கோவிச்சிக்காதீங்க" என்று குழைந்துகொண்டு அவர் தோளைத் தொட்டான். மச்சானுக்கு முகம் சிவந்துவிட்டது. நான் மூட்டைகளுக்குப் பின்னால் போய்ச் சிரித்தேன். திரும்பி வந்து பார்த்தால் அவருடைய தோளும் குலுங்குகிறது. இருமினார். இருமல்தானாம்.

10-12-1962

மழை. கெடிலம் ஆற்றில் தண்ணீர் புரள்கிறது. வண்டி வரவில்லை. குடோனில் தனியாக நின்று இரண்டு பேர் வசனத்தையும் நானே பேசினேன். அவருடைய பாகத்தையும் நன்றாகவே செய்கிறேன்.

16-12-1962, ஞாயிறு

இன்றைக்கு ஒன்று நடந்தது. என்ன நடந்தது என்றுதான் தெரியவில்லை.

கடைசிக் காட்சிக்கு வந்துவிட்டோம். இரண்டு சம்பந்திகளும் கைகொடுக்க வேண்டும். மச்சான், "முகூர்த்தம் எந்த நாளு சம்பந்தி?" என்று கேட்பார். நான், "வைகாசி பத்து" என்பேன். உடனே தட்டு மாற்ற வேண்டும், அவர் கடைசியாக ஒரு வசனம் சொல்ல வேண்டும். திரை.

"கையக் குடுங்க, கையக் குடுங்க!" என்று நடனசபாபதி கத்துகிறார். நீட்டினேன். மச்சானும் நீட்டினார். அப்புறம் நடந்ததற்கு நாங்கள் பொறுப்பில்லை. இரண்டு வியாபாரிகளின் கை சேர்ந்தால் தோளில் கிடக்கிற துண்டு தானாக இறங்கி மூடிக்கொள்ளும். நாலு பேர் சுற்றி நிற்கும்போது விலையை வாய்விட்டுச் சொல்வோமா? துண்டுக்குள்ளே விரலைப் பிடித்துத்தான் பேச்சு. முதல் பிடியில் விரலுக்குப் பத்து, அடுத்த பிடியில் விரலுக்கு ஒன்று. இருபது வருஷப் பழக்கம். என் துண்டு இறங்கிவிட்டது.

துண்டுக்குள்ளே மச்சான் என்னுடைய நாலு விரலையும் சேர்த்துப் பிடித்தார். அழுத்திப் பிடித்தார்.

"இன்னாய்யா இது? மாடு புடிக்கிறீங்களா ரெண்டு பேரும்? கல்யாணம்யா, கல்யாணம்!" என்று நடனசபாபதி குதித்தார்.

வைத்திலிங்கம் முந்தானையை எடுத்துவிட்டு, "சும்மா இருங்க சார். படியிற மாதிரி இருக்குது. கலைச்சிடாதீங்க" என்றான்.

அதற்குள் மச்சான் கையை இழுத்துக்கொண்டார்.

நாற்பதா, வெறும் நாலா? எதற்கு?

18-12-1962

இரண்டு நாளாக மண்டியில் எந்த வேலையும் ஓடவில்லை. நாலு விரல் என்றால் என்ன? நெல் விலையா? என் மண்டியில் நெல் ஏது?

ராசம்மாளிடம் கடைசியில் சொன்னேன். அவளுக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. "நாலு வருசமாச்சேன்னு கேக்குது. அதுகூடப் புரியல, இவுரு மண்டி நடத்துறாரு." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். உடனே ஐயரிடம் போய் நாள் பார்த்துக்கொண்டு வந்துவிட்டாள். தை இருபத்தொன்று, ஞாயிறு, வளர்பிறை, திருவந்திபுரம் கோயிலில் தேவநாதனுக்குக் காது குத்து. "நாளு பாத்தாச்சு. மடிக்கு நீங்க பொறுப்பு."

ஞாயிறாகப் பார்த்தது நல்லதுதான். மண்டி லீவு.

23-12-1962, ஞாயிறு

ஒத்திகை சிதம்பரத்தில், ஒரு சத்திரத்துக் கூடத்தில். ராசம்மாள் பிறந்த வீடு இரண்டு தெரு தள்ளி. அந்தத் தெருவுக்குள் நான் போகவில்லை.

காலையில் கிளம்பும்போது ஒரு வெண்கலத் தட்டை மூடிக் கொடுத்தாள். உள்ளே மல்லாட்டை உருண்டை. சின்ன வயதில் அண்ணனுக்கு உயிராம். தட்டைப் பார்த்ததும் தெரிந்துகொண்டேன். அன்றைக்கு வாசலில் வைத்துவிட்டுப் போனாரே, அதே தட்டு. இத்தனை நாள் எங்கே வைத்திருந்தாள்? கேட்கவில்லை.

பேசாமல் இருக்கிற ஆளிடம் எப்படிக் கொடுப்பது? மேடைச் சாமானோடு சேர்த்துவிட்டேன். கடைசிக் காட்சியில் தட்டு மாற்றும்போது என் கையில் இருந்தது அதுதான். துணியை விலக்கினார். தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ஒரு உருண்டையை எடுத்து அப்படியே வாயில் போட்டுக்கொண்டார்.

வெல்லப்பாகு நன்றாக முற்றியிருக்க வேண்டும். தாடை ஒட்டிக்கொண்டது. அவருக்கு இன்னும் ஒரு வசனம் பாக்கி. "ம்ம்... ம்ம்ம்... ம்ம்!" என்கிறார். நடனசபாபதி காகிதத்தைத் தூக்கி எறிந்தார். வைத்திலிங்கம், "என்னாங்க, தண்ணி கொண்டாரட்டுமா?" என்று குழைந்தான். கூடம் முழுக்க உருண்டு புரண்டு சிரிப்பு. மச்சானுக்குக் கண்ணில் தண்ணீர். சிரிப்பா என்று சத்தியமாகத் தெரியவில்லை.

ஆனால் பேசவில்லை. தட்டையும் திருப்பித் தரவில்லை. கையோடு கொண்டுபோய்விட்டார்.

24-12-1962

"தட்ட வச்சிக்கிச்சா? வச்சிக்கிச்சில்ல?" என்று காலையிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

30-12-1962, ஞாயிறு

முழு ஒத்திகை. அடுத்த ஞாயிறு நாடகம். எல்லோரும் வந்தாயிற்று. வைத்திலிங்கத்துக்குத் தைத்த ரவிக்கை ஒரு கைதான் நுழைகிறது. மூன்று மணி ஆயிற்று, மச்சான் இல்லை. நாலு ஆயிற்று. மழை வேறு.

ஸ்டேஷனுக்கு ஆள் அனுப்பினோம். வண்டி பரங்கிப்பேட்டையில் நிற்கிறதாம்.

நடனசபாபதிக்குப் பொறுக்கவில்லை. "நேரம் போய்கினே இருக்குது. எல்லா வசனமும் வைத்திலிங்கத்துக்குப் பாடம். இன்னிக்கி அவனே அப்பா பாகத்தயும் படிச்சிடட்டும். வாய்யா வைத்திலிங்கம், இந்த நாற்காலியில ஒக்காரு."

வைத்திலிங்கம் நாற்காலியைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். இவ்வளவு பெரிய ஆள் முகம் வெளுத்து இன்றுதான் பார்த்தேன்.

"ஐயோ, நான் மாட்டேம்பா. ஒரு தடவ ஒக்காந்ததுக்கே—"

"யாரும் அதுல ஒக்கார வாணாம்" என்றேன். "காத்திருக்கலாம்."

"அவுரு எப்ப வருவாரோ, யாருக்குத் தெரியும்?"

"வரும்போது வரட்டும். வெளக்குக்கு எண்ணெய் என்னுது, குடோன் என்னுது. காத்திருக்கலாம்."

சொன்ன பிறகுதான் என் காதில் விழுந்தது. நானா சொன்னேன்? நேரத்தைப் பிடித்துக்கொண்டு இருபது வருஷம் வியாபாரம் பண்ணினவன்.

காத்திருந்தோம். மல்லாட்டை வறுத்து எல்லோருக்கும் கொடுத்தேன். இருட்டுகிற நேரத்துக்குச் சொட்டச் சொட்ட நனைந்துகொண்டு மச்சான் ஓடி வந்தார். வாசற்படியிலேயே நின்றுவிட்டார். நாற்காலி காலியாக இருந்தது.

வைத்திலிங்கத்திடம் கேட்டார், "எதுவரிக்கும் ஆயிருக்குது?"

"இன்னும் ஆரம்பிக்கவே இல்லீங்க. மொதலாளி காத்திருக்கலாம்னுட்டாரு."

மச்சான் துண்டைப் பிழிந்தார். பிழிந்துகொண்டே இருந்தார். அதில் அவ்வளவு தண்ணீர் இல்லை.

7-1-1963, திங்கள்

நேற்று நாடகம் நடந்தது. நடந்தது என்றா சொல்வது? சிரித்துக்கொண்டே எழுதுகிறேன், எழுத்து நடனசபாபதி எழுத்து மாதிரி வருகிறது.

கொட்டகை நிரம்பி வழிந்தது. திருவாதிரைக்கு வந்த வெளியூர் வியாபாரிகளே பாதிப் பேர். முதல் வரிசையில் ராசம்மாள், அமராவதி, மடியில் தேவநாதன். முதல் காட்சியில் எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. "இந்தச் சம்பந்தம் எனக்குச் சம்மதமில்லை" என்று முழங்கினதும் தானாகப் பிரிந்துவிட்டது. கைதட்டினார்கள்! ஒரு வண்டி மல்லாட்டையை நல்ல விலைக்கு விற்றால்கூட யாரும் கைதட்டுவதில்லை.

வைத்திலிங்கம் மகளை நினைத்து அழுகிற இடத்தில் முந்தானை நழுவிவிட்டது. மீசை! முன்வரிசையில் ஒரு அம்மாள், "யம்மாடி, இவளப் பாருடி!" என்று அலறினாள். அவன் அசரவில்லை. மெதுவாக வாயைப் பொத்திக்கொண்டு, "வளத்த வயிறு எரியுதுங்க" என்று முடித்தான். கொட்டகை இரண்டுபட்டது.

கடைசிக் காட்சி. கை நீட்டினோம். துண்டு இறங்கியது. அதைப் பார்த்ததுதான் தாமதம், வியாபாரிகள் அத்தனை பேரும் எழுந்து நின்றுவிட்டார்கள். "எவ்ளோ? எவ்ளோ?" "ஏத்திக் கேளுய்யா!" "முடிச்சி உடுங்கய்யா!"

மச்சான் வசனத்தைச் சரியாகத்தான் சொன்னார். "முகூர்த்தம் எந்த நாளு சம்பந்தி?"

வைகாசி பத்து என்று சொல்லியிருக்க வேண்டும். முதல் வரிசையில் தேவநாதன் கட்டைவிரலைச் சப்பிக்கொண்டு என்னைப் பார்த்தான். துண்டுக்குள்ளே முதலில் இரண்டு விரலைப் பிடித்தேன். அப்புறம் ஒன்றை.

"தை இருபத்தொண்ணு" என்றேன், சத்தமாக.

திரைக்குப் பக்கத்திலிருந்து, "வைகாசி! வைகாசிய்யா!" என்று நடனசபாபதி சீறுகிறார். மச்சான் அசையவில்லை. முதல் வரிசையைப் பார்த்தார். ராசம்மாள் பையனைத் தூக்கிப் பிடித்துக் காட்டினாள். துண்டுக்குள்ளே என் விரல்களைத் தேடினார். இரண்டு. பிறகு ஒன்று. விடவில்லை.

"வந்துடறேன் மாப்ள" என்றார்.

பின்னாலிருந்து ஒருத்தன், "யோவ்! பொண்ணு புள்ளைக்கா, இல்ல அவங்கப்பனுக்கா?" என்றான். அவ்வளவுதான். அப்படி ஒரு சிரிப்பை நான் கேட்டதே இல்லை. திரை இழுக்கிற பையன் சிரித்த சிரிப்பில் கயிற்றை விட்டுவிட்டான். திரை விழுந்துவிட்டது.

நடனசபாபதி தலையில் அடித்துக்கொண்டு வந்தார். "தட்டே மாத்தலியே! நாடகத்துப் பேரே அதுதானேய்யா!"

நாங்கள் கையை விடவில்லை. "நீங்கதான் மொதல்ல பேசனீங்க மச்சான்" என்றேன். "அது வசனம்" என்றார். "வசனத்துல மாப்ளன்னு எங்க இருக்குது?" "தை இருபத்தொண்ணு எங்க இருக்குது?"

ஒன்று கேட்க வேண்டியிருந்தது. "அன்னிக்கி நாலு விரலப் புடிச்சீங்களே, நாலு வருசமாச்சேன்னுதான?"

"நாலா? உன் கையி எண்ணெயாட்டம் வழுக்குச்சு மாப்ள. கெட்டியா புடிச்சேன், அவ்ளோதான்."

இதை ராசம்மாளிடம் நான் சொல்லப்போவதில்லை.

அவள் பிள்ளைகளோடு உள்ளே வந்தாள். அண்ணன் முன்னால் நின்றாள். "எளச்சிட்டியே" என்று அவர்தான் சொன்னார். தேவநாதனைத் தூக்கக் கையை நீட்டினார். அரிதாரம் பூசிய முகத்தைப் பார்த்துப் பையன் வீறிட்டான். இறங்கி ஓடினான். எங்கே போனான்? மூலையில் புடவையோடு கால் நீட்டி உட்கார்ந்திருந்தவளிடம். யாரோ அத்தை என்று நினைத்துவிட்டான் போலிருக்கிறது. ஏறி மடியில் உட்கார்ந்துகொண்டான்.

வைத்திலிங்கம் இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கிவிட்டான். "நான் கூப்புடல! சத்தியமா நான் கூப்புடலீங்க!"

மச்சான் பார்த்தார். "மறுபடியும் இவன் மடியா!" என்றார். அங்கேயே தரையில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

8-1-1963

இன்று காலை மச்சான் முதுநகர் வந்தார். வீட்டுக்குள் வந்தார். சாப்பிட்டார். பிறகு துண்டு போட்டுத்தான் பேசினோம், ராசம்மாள் சாட்சி. படிந்தது இது:

தை இருபத்தொன்று, திருவந்திபுரம். தேவநாதனுக்குக் காது குத்து, மாமன் மடியில்.

அமராவதிக்கு அன்றைக்கு விட்டுப்போனதற்கு ஈடாக, அவளுக்கும் அதே நாள் அதே மடியில் மேல்காது குத்துவது. இதற்கு அவள் ஒத்துக்கொள்ள ஒரு ஜோடி கொலுசு கேட்டாள். மாமனும் நானும் ஆளுக்கு ஒரு கால்.

வெண்கலத் தட்டு சீரோடு திரும்பி வரும். உருண்டை வைத்துத் திருப்பி அனுப்ப வேண்டும். பாகு இவ்வளவு முற்றக் கூடாது.

வைத்திலிங்கம் வரலாம். நின்றுகொண்டுதான் இருக்க வேண்டும்.

மச்சான் முதல் நாள் சாயங்காலமே வந்துவிட வேண்டும் என்றேன். அதற்கு மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. அறுப்புக் காலம், நெல் வருகிற நேரம், காலை ரயிலில்தான் வர முடியும் என்றார். ரொம்ப நேரம் விரலை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார். சரி என்று விட்டுக்கொடுத்தேன். காலை ரயிலிலேயே வரட்டும். ரயில் தாமதமானால் முகூர்த்தம் காத்திருக்கும்.